பெயில் கிடைச்சும் ஏன் வெளிய வர முடியல? ஒரகடத்துல இருந்து ஒரு கேள்வி

இந்த எபிசோட்ல பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கேன்.

ஒரு உதாரணத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஆள் கற்பனை, ஆனா அவர் கடக்குற ஒவ்வொரு படியும் நிஜம். ஜார்க்கண்ட்ல இருந்து வந்த 22 வயசுப் பையன், ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. ஒரே ரூம்ல ஆறு பேர் தங்கியிருக்காங்க. பக்கத்துத் தெருவுல ஒரு பைக் காணாமப் போகுது. சந்தேகத்துல இவரைப் பிடிக்கிறாங்க. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி ஆஜர்படுத்தி, ரிமாண்ட். சில வாரம் கழிச்சு பெயில் ஆர்டரும் வந்துடுது. ஆனா பையன் வெளிய வரல.

எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, அப்ரூவல் வந்துடுச்சு, டெப்ளாய் ஆகல.

ஆர்டர்ல என்ன இருக்கு?

நம்ம ஊர் பெயில் ஆர்டர்கள்ல அடிக்கடி வர்ற ஒரு வரி இருக்கு: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு ரெண்டு ஜாமீன்தாரர்கள். பத்தாயிரத்தைக் கட்டினா போதும்னு பலரும் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ரெண்டு பேர் நேர்ல வந்து, "இவர் விசாரணைக்கு வரலன்னா இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு"ன்னு கையெழுத்துப் போடணும். அவங்க யாரு, எங்க இருக்காங்க, அந்தத் தொகைக்குத் தகுதி இருக்கான்னு கோர்ட் ஆவணம் பார்க்கும். சில ஆர்டர்கள்ல, ஒருத்தர் ரத்த உறவா இருக்கணும்னும் போடுவாங்க.

இப்போ அந்தப் பையனை நினைச்சுப் பாருங்க. ரத்த உறவு ரெண்டு நாள் ரயில் தூரத்துல இருக்கு. ரூம்ல இருக்குற அஞ்சு பேரும் வெளியூர். வீட்டு ஓனர் "நமக்கு எதுக்கு வம்பு"ன்னு ஒதுங்கிடுவார். அவர் இடத்துக்குக் கான்ட்ராக்டர் ஏற்கனவே வேற ஆள் போட்டிருப்பார்.

அப்படியே வெளிய வந்தாலும் 'கண்டிஷன்' இருக்கும். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. ஷிப்ட்ல வேலை செய்யுற ஒருத்தருக்கு இதுக்கு அர்த்தம், அந்த வேலை போச்சு.

1978-லயே கேட்ட கேள்வி

மோத்தி ராம்னு ஒரு மேஸ்திரி, மத்தியப் பிரதேசம். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆனா மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி முறையில ஒருத்தர் பொறுப்பேற்க வந்தப்போ, சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு நிராகரிச்சுட்டார். விஷயம் திரும்ப உச்ச நீதிமன்றம் போச்சு. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில அவரை விடச் சொன்னார்.

அந்தத் தீர்ப்புல அவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு முக்கியம். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தர்லயோ சாந்தினி சௌக்லயோ கைதானா, அங்க உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்க போவார்னு கேட்டார். இன்னைக்கு கேள்வி நம்ம பக்கம் திரும்பியிருக்கு. பஸ்தர்க்காரர் ஒரகடத்துல கைதானா எங்க போவார்?

தொழிற்பேட்டைக்கு இது ஏன் பெரிய விஷயம்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகள்ல 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர், அதாவது நூத்துக்கு 75-க்கும் மேல, விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணம் ஆகாதவங்க.

நம்மளது மாதிரியே இன்னொரு ஆட்டோமொபைல் பேட்டை, ஹரியானாவுல மானேசர். 2012 ஜூலையில மாருதி ஆலையில வன்முறை நடந்தது, ஒரு மேலாளர் இறந்தார். ரொம்பப் பெரிய குற்றம், விசாரணை நடந்தே ஆகணும். ஆனா 148 தொழிலாளர்கள் மேல வழக்கு. 2013-ல உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தப்போ, அந்நிய முதலீட்டாளர்கள் பயப்படுவாங்கங்கிறதும் ஒரு காரணமாச் சொல்லப்பட்டது. 2017 மார்ச்ல தீர்ப்பு வந்தப்போ 117 பேர் விடுதலை. ஜாமீன் கிடைக்காம அவங்கள்ல பலர் உள்ளேயே கழிச்ச வருஷங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

கையில என்ன இருக்கு?

ஒண்ணு, இலவச வக்கீல். 1987-ம் வருஷ சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவுப்படி, தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் காவல்ல இருக்கிறவருக்கும் வருமான வரம்பு பார்க்காம இது உரிமை. உதவி எண் 15100.

ரெண்டு, கைதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்கள்ல எடுத்த எடுப்புல கைது கூடாதுன்னு அர்னேஷ் குமார் வழக்குல 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கைது அவசியம் இல்லன்னா போலீஸ் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடணும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூணு வருஷம்தான்.

மூணு, இதான் பலருக்குத் தெரியாதது. 2023 ஜனவரி 31-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்: பெயில் ஆர்டர் நகலை அன்னைக்கோ மறுநாளோ ஈமெயில்ல சிறைக்கு அனுப்பணும். சிறை மென்பொருள்ல ஜாமீன் தேதியைப் பதியணும். ஏழு நாள்ல வெளிய வரலன்னா, சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கணும். ஒரு மாசத்துல பிணை கொடுக்க முடியலன்னா, கோர்ட்டே முன்வந்து நிபந்தனையை மாத்தலாமான்னு பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்குறதே தாமதத்துக்கு ஒரு காரணம், அதைத் தவிர்க்கலாம்னும் சொல்லியிருக்கு.

நாலு, தொகை அதிகம்னா குறைக்கச் சொல்லி செஷன்ஸ் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகலாம். புதுச் சட்டத்துல அது 484-வது பிரிவு. பணம் கட்ட வேண்டிய நிலையில இருக்குற ஏழை விசாரணைக் கைதிக்கு, மத்திய அரசோட 2023 திட்டத்துல பண உதவி உண்டு. சில கடுமையான சட்டங்கள்ல வர்ற வழக்குகளுக்கு அது கிடையாது.

"ஓடிப் போயிட்டா?"

நியாயமான கேள்வி. பைக்கைத் தொலைச்சவர் பக்கத்துல நின்னு பார்த்தாலும் அது வரும். ஜாமீனோட நோக்கமே ஆள் விசாரணைக்கு வரணும்ங்கிறதுதான். ஆனா அதுக்குச் சொத்து மட்டும்தான் சாட்சியா? வாடகை ஒப்பந்தம், பி.எஃப். கணக்கு, வருகைப் பதிவு, ஊர்ல குடும்பம் இருக்கிற முகவரி, எல்லாமே ஒருத்தரை ஒரு இடத்தோட கட்டிப்போடுற ஆவணங்கள்தான். அதைத் திரட்டி வக்கீல் கையில கொடுக்க வெளிய ஒரு ஆள் வேணும். மும்பையில டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தோட 'பிரயாஸ்' அமைப்பு, சமூகப் பணியாளர்களை வச்சு சிறையில இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி உதவியைப் பல வருஷமாச் செய்யுது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சங்கத்துல இருந்தாலும், ஹெச்.ஆர்-ல இருந்தாலும், பத்து ரூம் வாடகைக்கு விட்டிருந்தாலும், உங்களால அந்த ஆளா இருக்க முடியும். உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது பெயில் கிடைச்சும் உள்ள இருந்தா, ஆர்டர் தேதியை எழுதி வச்சுக்கோங்க. எட்டாவது நாள் காலையில 15100-க்குப் போன் பண்ணி, "ஏழு நாள் தாண்டிடுச்சு, சிறையில இருந்து தகவல் வந்துச்சா?"ன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.