ஒரு சவரன் நூலும் ஒரு நிமிடப் படமும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றுக்கு டிரவுட் மீன் தேடிப் போகிறவர் முதலில் கணக்குப் பார்ப்பது தூண்டிற்கோலுக்குத்தான். 9 அடி நீளம், கார்பன் இழை, நான்கு துண்டாகக் கழற்றலாம், எடை 80 கிராமை ஒட்டி. பேர்பெற்ற கம்பெனியின் கோல் 1,000 டாலரைத் தொடும். ரீலுக்கு இன்னொரு 300, 400. புதியவருக்குக் கோல், ரீல், நூல் மூன்றும் சேர்த்து 200 டாலருக்கும் கிடைக்கிறது. படகும் துடுப்புப் போட வழிகாட்டியும் வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 600 டாலராவது ஆகும். வரவுப் பத்தியில் பெரும்பாலும் பூஜ்யம். பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம்.

காசிமேட்டில் பேரம் பேசிப் பழகியவருக்கு இது பைத்தியக்காரக் கணக்கு. எனக்கு அதைவிட வேடிக்கையாகப் படுவது வேறொன்று. விலை கூடிய சாமான் செய்கிற வேலை கொஞ்சம்தான். மீன் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பவை 5 டாலர், 15 டாலர் சாமான்கள். காசே ஆகாதவையும் சில உண்டு.

நூலை எடுத்துக்கொள்வோம். நம் குளத்துத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். முள்ளில் இருப்பது கோழி இறகும் முயல் மயிரும் சுற்றிய பொய்ப்பூச்சி. குன்றிமணி எடைகூட வராது. அதை எங்கே வீசுவது? ஆகவே நூலுக்கே கனம் ஏற்றி, நூலை வீசுகிறார்கள். அந்தக் கனத்துக்கு எண்கள் உண்டு. 5-ஆம் எண் நூல் என்றால் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், அதாவது 9.07 கிராம். ஒரு சவரனைவிட ஒரு கிராம்தான் கூடுதல். 4-ஆம் எண்ணுக்கு 120 கிரெயின், 6-க்கு 160. கோலில் பொறித்த எண்ணும் நூலின் எண்ணும் பொருந்தினால் 200 டாலர் கோலே போதும். பொருந்தாவிட்டால் 1,000 டாலர் கோலும் சண்டித்தனம் செய்யும்.

நூலுக்கும் பூச்சிக்கும் நடுவில் 9 அடித் தங்கூசி, அடி பருத்து நுனி மெலிந்தது. நுனியின் பருமனைச் சொல்ல ‘5 எக்ஸ்’ என்று ஒரு விசித்திரக் குறி வைத்திருக்கிறார்கள். 11-இல் 5 போனால் மிச்சம் 6. ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் 6 பங்கு, 0.15 மில்லிமீட்டர். முள்ளின் எண்ணை 3-ஆல் வகுத்தால் அதற்கேற்ற எக்ஸ் கிடைக்கும். 16-ஆம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ். (முள்ளில் எண் ஏற ஏற உருவம் சிறுக்கும்.) இந்த மயிரிழை 2 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும், முடிச்சு ஒழுங்காக இருந்தால். உலர்ந்த தங்கூசியை இறுக்கினால் உரசல் சூட்டில் இழை நைந்துபோகும். எச்சில் தொட்டுத்தான் இறுக்க வேண்டும். மீன் அறுத்துக்கொண்டு போனபின் நுனியைப் பாருங்கள். பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. பழி உங்கள் மேல். சுருள் ஒன்றின் விலை 5, 6 டாலர். எச்சில் இலவசம்.

முழங்காலும் இலவசம். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் 97 பாகை அகன்ற ஒரு கூம்பு வழியாகத்தான் தெரியும். 2 அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்குத் தலைக்கு மேலே சுமார் நாலரை அடி விட்டத்தில் ஒரு வட்ட ஜன்னல். நீர்மட்டத்திலிருந்து 10 பாகைக்குக் கீழே உள்ளவை அந்த ஜன்னலின் விளிம்பில் நசுங்கி, அநேகமாகத் தெரியாமலே போகும். கணக்குப் போட்டால் 6 அடி ஆள் கரையில் நிமிர்ந்து நிற்க 34 அடி தள்ளியிருக்க வேண்டும். மண்டியிட்டு 3 அடியாகக் குறுகினால் 17 அடியே போதும். 80 அடி வீசும் என்று சொல்லிக் கோல் விற்கிறார்கள். குனியத் தெரிந்தவருக்கு அதில் பாதி தூரம்கூடத் தேவைப்படாது.

தூரம் குறைவதில் இன்னொரு லாபம். நடு ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 1 மீட்டர், கரையோரம் அரை மீட்டர் என்று வையுங்கள். கரையோரம் விழுந்த பூச்சியைவிட, நடுவில் கிடக்கும் நூல் 4 விநாடியில் 2 மீட்டர் முந்திப் போய் அதை இழுக்கத் தொடங்கும். ஓட்டத்துக்குக் குறுக்கே சறுக்கும் பூச்சியை டிரவுட் நம்பாது. விழுந்த கையோடு நூலை மேலோட்டப் பக்கம் புரட்டிப் போட்டால் சில விநாடி மிஞ்சும். கையில் நூல் குறைவாக இருந்தால் புரட்டுவதும் சுலபம்.

மேடிசனில் குவேக் ஏரிக்குக் கீழிருந்து எனிஸ் ஊர்வரை 50 மைல், ஏறக்குறைய ஒரே சலசலப்பு. 1959 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி அது. இங்கே மீன் எங்கே நிற்கும் என்று கேட்டு வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கல்லைப் புரட்டலாம். அடியில் ஒட்டியிருக்கும் ‘சால்மன் ஃபிளை’ப் பூச்சியின் இளம்பருவம் 3, 4 ஆண்டு தண்ணீரிலேயே கழிக்கிறது. ஜூன் கடைசியில் ஊர்ந்து கரையேறி, 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறக்கையோடு வெளிவரும். அந்த நாட்களில் மீனும் கரையை ஒட்டியே காத்திருக்கும். நடு ஆற்றில் வீசுபவர் சும்மா கை வலிக்க வீசுகிறார்.

15 டாலர் வெப்பமானிதான் இந்தப் பட்டியலில் அதிகம் சொல்கிற சாமான். 10-லிருந்து 16 டிகிரி செல்சியஸ்வரை டிரவுட்டுக்குச் சுகம். கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 23 டிகிரியில் 8.6தான். மீனுக்கோ வெப்பம் ஏற ஏறத் தேவை கூடும். நம் பக்கத்திலும் இதே கதைதான். நீலகிரிக்கு 1863-இல் டிரவுட் கொண்டுவர முயன்ற ஃபிரான்சிஸ் டே தோற்றார். ஹெச்.சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகும், வானவில் டிரவுட் குளிர்ந்த மேட்டு ஓடைகளைவிட்டுக் கீழே இறங்கவில்லை. மொன்டானாவில் தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை (ஏறக்குறைய அதே 23 செல்சியஸ்) தொட்டால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவுவரை தூண்டிலுக்குத் தடை போடலாம். ‘ஆந்தை விதி’ என்று பெயர். கோடையில் ஆந்தை அலறும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போன மரம்வெட்டிகளிடமிருந்து வந்த வழக்குச் சொல்.

பொரிப்பக மீனை ஆறுகளில் விடுவதை இந்த மாநிலம் 1970-களிலேயே நிறுத்திவிட்டது. அதனால் பிடித்து விட்ட மீன் பிழைக்கிறதா என்பதுதான் கணக்கின் கடைசிப் பத்தி. 1992-இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் வானவில் டிரவுட்டுகளைத் தொட்டியில் களைத்துப்போகும்வரை துரத்திப் பார்த்தார்கள். காற்றில் தூக்காமல் விட்டவற்றில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் உயிரோடிருந்தன. 30 விநாடி தண்ணீருக்கு வெளியே வைத்தவற்றில் 62. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28.

ஒரு நிமிடம் என்பது ஃபோனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஈரக்கையைத் துடைத்து, நண்பரிடம் நீட்டி, “இன்னொன்று எடு, இதில் வால் தெரியவில்லை” என்று சொல்கிற நேரம்.