சைவ உணவும் வைட்டமின் பி12 குறைபாடும்

பாதங்கள் மரத்துப்போதல், பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு, இருட்டில் தடுமாற்றம், மறதி, நீங்காத சோர்வு ஆகியவற்றை முதுமையின் இயல்பு என்று கருதிப் பலர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். நெடுங்காலமாகச் சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு இவை வைட்டமின் பி12 குறைபாட்டின் அறிகுறிகளாகவும் இருக்கலாம்.

காய்கறி, கீரை, பருப்பு, பழம், சிறுதானியம் நிறைந்த சைவ உணவு இதயத்துக்கும் குடலுக்கும் நன்மை தருவது. அதைக் கைவிட வேண்டியதில்லை. அதில் குறைவதை அறிந்து ஈடுசெய்தால் போதும்.

பி12 எங்கே கிடைக்கிறது?

தாவர உணவுகளில் பி12 இயல்பாக இல்லை. சைவ உணவினருக்கு இதைத் தருபவை பாலும் தயிரும் பன்னீருமே. நாளொன்றுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் தேவைப்பட, 200 மில்லி பாலில் கிடைப்பது ஏறத்தாழ 1 மைக்ரோகிராம். காபியில் சேரும் சிறிதளவு பாலும், நீர்மோரும் போதா. சுருள்பாசியையும் நம்பியிருத்தல் கூடாது.

கல்லீரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால் குறைபாடு மெல்லவே வெளிப்படும். மேலும், கீரையும் பருப்பும் தரும் ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை மறைத்துவிட, நரம்புப் பாதிப்பு மட்டும் தொடரக்கூடும். எனவே ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதியடைய இயலாது.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

• சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவர்கள்
• அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்பவர்கள்
• இரைப்பை அல்லது சிறுகுடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
• சைவ உணவு உண்ணும் முதியோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார்

தாய்க்குக் குறைபாடு இருப்பின், தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

எளிய இரத்தப் பரிசோதனையால் குறைபாட்டைக் கண்டறியலாம். மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்யலாம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் நரம்புகள் பெரும்பாலும் மீளும். காலம் தாழ்த்தினால் மரத்துப்போதல் முழுமையாக நீங்காமல் போகலாம்.

புரதமும் இரும்பும்

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. 50 கிராம் துவரம்பருப்பில் சுமார் 11 கிராம் புரதம் உள்ளது. ஒரு கிண்ணம் சோற்றிலோ 4 கிராம்தான். ஆகவே சாம்பாரைத் தெளிவாக ஊற்றாமல் பருப்போடு கெட்டியாக உண்ணுங்கள். தினமும் ஒருவேளை சுண்டலோ முளைகட்டிய பயறோ சேருங்கள். அரிசியில் குறையும் அமினோ அமிலத்தைப் பருப்பும், பருப்பில் குறைவதை அரிசியும் நிறைவு செய்கின்றன. இட்லியும் பொங்கலும் இவ்வகையில் நல்ல சேர்க்கைகள்.

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சேர்ந்தால் அது நன்கு உறிஞ்சப்படும். காபி, தேநீர் ஆகியவற்றை உணவுக்கு ஒரு மணி நேரமேனும் தள்ளி அருந்துங்கள்.

கவனம் தேவைப்படுவோர்

சிறுநீரக நோயாளிகள் மருத்துவரின் ஆலோசனையின்றிப் பருப்பு, கீரை, பழங்களைக் கூட்டக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அளவு அடிக்கடி மாறாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, நீங்கள் சைவ உணவு மட்டும் உண்பவர் என்பதையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பி12 பரிசோதனை தேவையா என்பதை முடிவு செய்ய இவ்விரு தகவல்களும் பெரிதும் உதவும்.