நடந்தே ஆடும் கால்பந்து

கால்பந்து என்றதும் ஓட்டமே நம் நினைவுக்கு வருகிறது. அணிக்கு 11 பேர், 90 நிமிட ஆட்டம், 90 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள திடல் ஆகியவை முழு அளவு ஆட்டத்தின் இலக்கணம். மாரடைப்பிலிருந்து மீண்டவரும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும், நீரிழிவோடு பல்லாண்டுகளாக வாழ்பவரும் இனி அத்திடலுக்குப் பார்வையாளராக மட்டுமே செல்ல இயலும் என எண்ணிவிடுகின்றனர். குடும்பத்தாரும் அவ்வாறே அஞ்சுகின்றனர். அன்பினால் எழும் அச்சம் அது. ஆயினும், ஆட்டத்தைக் கைவிடுபவர் உடற்பயிற்சியை மட்டும் இழப்பதில்லை. வாரந்தோறும் தம்மைப் பெயர் சொல்லி அழைத்த தோழர்களையும் இழந்துவிடுகிறார்.

இவ்விழப்புக்கு இங்கிலாந்தில் எளிய விடை ஒன்று கண்டனர். செஸ்டர்ஃபீல்டு நகரின் கால்பந்துக் கழகத்தைச் சார்ந்த சமூக அறக்கட்டளை, முதியோருக்காக 2011-இல் ‘நடைக் கால்பந்து’ என்னும் ஆட்டத்தைத் தொடங்கியது. ஓட இயலாதவரை விலக்கிவைப்பதற்கு மாறாக, ஓட்டத்தையே ஆட்டத்திலிருந்து விலக்கினர். இன்று இங்கிலாந்தில் நடைக் கால்பந்துக்கெனத் தனி லீக் போட்டிகளே நடைபெறுகின்றன. பெரும்பாலும் 50 வயதைக் கடந்த ஆண்களும் 40 வயதைக் கடந்த பெண்களும் இதில் பங்கேற்கின்றனர். இதன் அடிப்படை விதிகளையும், அவ்விதிகள் உடலை எவ்வாறு காக்கின்றன என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஒரு பாதம் எப்போதும் தரையில்

முதல் விதி, ஓடக் கூடாது என்பது. பந்து காலில் இருப்பினும் இல்லாவிடினும் ஒரு பாதமேனும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரு பாதங்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுந்தால் அது ஓட்டம். நடுவர் விசில் ஊதி எதிரணிக்கு ஃப்ரீ கிக் வழங்குவார். அதிலிருந்து நேரடியாகக் கோல் அடிக்க இயலாது. பந்து மற்றொருவரைத் தொட்ட பின்னரே கோல் கணக்கில் சேரும். மீண்டும் மீண்டும் ஓடுபவரைச் சில நிமிடங்கள் திடலுக்கு வெளியே அமர்த்தும் வழக்கமும் உண்டு.

மிகுதியாக மீறப்படும் விதியும் இதுவே. இளமையில் பழகிய கால்கள், பந்தைக் கண்டவுடன் தாமாக ஓடத் தொடங்கிவிடும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடையும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. நடையில் அத்தாக்கம் பெரிதும் குறைவு. திடீரென விரைவதும் சட்டென நிற்பதும் குறைவதால் முழங்காலும் தசைநார்களும் காக்கப்படுகின்றன. இதயத் துடிப்பும் படிப்படியாகவே உயர்கிறது. எனினும் இதனை வெறும் உலாவல் என எண்ணிவிடலாகாது. விரைந்து நடந்து ஆடுபவருக்கு நன்றாகவே வியர்க்கும்.

மோதலும் இல்லை, தலையால் முட்டுதலும் இல்லை

எதிராளியின் மீது மோதுவதும், தோளால் தள்ளுவதும், சறுக்கி வந்து பந்தைப் பறிப்பதும் தவறாகும். உடலைத் தீண்டாமல் பந்தை மட்டுமே எடுக்கலாம். பந்து தலைமட்டத்துக்கு மேல் எழக் கூடாது என்பது பெரும்பாலான குழுக்களின் விதி. ஆகவே துள்ளி எழுந்து தலையால் முட்டும் தேவையும் இல்லை. எலும்பு வலுக் குன்றியோருக்கும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோருக்கும் இவ்விதிகளின் அருமை எளிதில் விளங்கும். அவர்களுக்கு ஒரு சிறு மோதலும் பெருந்துன்பமாக முடியக்கூடும்.

அணிக்கு ஐவர் முதல் எழுவர் வரை ஆடுவர். திடல் சிறியது. ஆஃப்சைடு விதி இல்லை. எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறியாமல் காலால் உதைத்தே உள்ளே அனுப்புவர். கோல் கீப்பர் பந்தைக் கையைத் தாழ்த்தி உருட்டிவிடுவார். ஆட்ட நேரமும் நுண்விதிகளும் குழுவுக்குக் குழு மாறுபடும்.

வெளியே வந்தவர் திரும்பிச் செல்லலாம்

எம் வாசகர்களுக்கு மிகவும் உகந்த விதி இதுவென்றே கருதுகிறோம். உயர்நிலைக் கால்பந்தில் மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு வெளியேறியவர் அவ்வாட்டத்தில் மீண்டும் ஆட முடியாது. நடைக் கால்பந்தில் எத்தனை முறை வேண்டுமாயினும் வெளியே வந்து இளைப்பாறி, நீர் அருந்தி, மீண்டும் உள்ளே செல்லலாம். கால்பந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பும், மூத்தோர் ஆட்டங்களுக்கும் பொழுதுபோக்கு ஆட்டங்களுக்கும் இத்தகைய திரும்பும் மாற்றத்தை அனுமதிக்கிறது. களைத்தவர் அமர்வது தோல்வியன்று. விதியே அவருக்கு அளித்துள்ள உரிமை.

மருத்துவ ஆய்வு ஒன்று

நோயுற்றோர் கால்பந்து ஆடுவது குறித்து டென்மார்க்கில் ஆய்வுகள் நடந்துள்ளன. ஒன்றில், புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெற்றுவந்த 57 ஆண்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் 12 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை பயிற்சியாளரின் மேற்பார்வையில் கால்பந்து ஆடினர். ஹார்மோன் சிகிச்சை தசையைக் கரைக்கும் இயல்புடையது. ஆயினும் கால்பந்து ஆடியோரின் தசை நிறையும் வலுவும் கூடின. சிலருக்குக் காயங்களும் நேர்ந்தன. அங்கே ஆடப்பட்டது ஓட்டமுள்ள வழக்கமான கால்பந்து என்பதனை நினைவிற்கொள்ள வேண்டும். பயனை ஏற்று இடரைக் குறைக்க முயலும் வடிவமே நடைக் கால்பந்து.

திடலில் இறங்குமுன்

முதலில் உங்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டோர், அவ்வெலும்பு முற்றிலும் கூடும்வரை காத்திருத்தல் வேண்டும். மூட்டு மாற்றம் செய்துகொண்டோர் அறுவை மருத்துவரையே கேட்டறிதல் நன்று.

இதயத் துடிப்பைக் குறைக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை உட்கொள்வோர், நாடியை எண்ணி உழைப்பின் அளவைக் கணிக்க இயலாது. மாத்திரை துடிப்பை உயரவிடாது. அவர்களுக்குப் பேச்சே அளவுகோல். ஆடும்போது ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிந்தால் உழைப்பு அளவாக உள்ளது. இரண்டு சொற்களுக்கிடையே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குளுக்கோஸோ இனிப்போ கைவசம் இருக்கட்டும். நீரிழிவினால் பாத உணர்ச்சி குன்றியோர், பொருத்தமான காலணி அணிவதோடு, ஆட்டம் முடிந்ததும் பாதங்களில் கொப்புளமோ புண்ணோ உள்ளதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. அனைவரும் பத்து நிமிடங்கள் மெல்ல நடந்து உடலைப் பழக்கிய பின்னரே ஆடத் தொடங்க வேண்டும். நண்பகல் வெயிலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ ஆடுவது நலம்.

நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், அடங்காத மூச்சிரைப்பு, ஒழுங்கற்ற படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் அக்கணமே ஆட்டத்தை நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் அடங்காவிடில் தயங்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். ‘இந்த ஒரு கோல் மட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

அஞ்சித் தடுப்பதும், கண்டுகொள்ளாமல் விடுவதும் ஆகிய இரண்டுக்கும் நடுவே உங்களுக்கோர் இடம் உண்டு. நடைக் கால்பந்துக்கு நடுவர் தேவை; ஓடும் பாதங்களைக் கூர்ந்து நோக்கும் கண்கள் தேவை. விசிலை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். ‘ஓடாதீர்கள்’ என்று வீட்டில் சொன்னால் மனவருத்தம் எழக்கூடும். திடலில் அதையே விசில் சொல்லும்போது எவரும் வருந்துவதில்லை.

பத்துப் பன்னிரண்டு பேரும், ஒரு பந்தும், சமதளமான சிறு திடலும் இருந்தால் இவ்வாட்டத்தைத் தொடங்கிவிடலாம். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, ‘நான் நடைக் கால்பந்து ஆடலாமா?’ என்னும் வினாவையும் உங்கள் குறிப்பில் எழுதிக் கொண்டுவாருங்கள்.