டர்போ பூட்டும் முன்

காரின் வேகத்தைக் கூட்ட விரும்புவோர் சிலர், டர்போ சாமான்களை வாங்கித் தாமே பூட்டுகின்றனர். பூட்டுவதைவிட, பூட்டிய பின் இயந்திரத்தைக் காப்பதே கடினம்.

டர்போ எவ்வாறு இயங்குகிறது? இயந்திரம் வெளியேற்றும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்திச் சிலிண்டர்களுக்குள் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

1989-இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பார்ப்போம். அதன் 1.6 லிட்டர் இயந்திரம் டர்போ இன்றி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதில் காற்றைக் கூட்டினால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்கவும் வேண்டும். தவறினால், தீச்சுடர் எட்டுமுன்னே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். அப்போது உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். பிஸ்டன் உடையவோ உருகவோ கூடும்.

பூட்டியதும் உடனே முடுக்கலாகாது. தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரால் இயந்திரத்தைச் சுற்றி, டர்போவுக்கு எண்ணெய் எட்டச் செய்ய வேண்டும்.

பின்னர்க் கோளாறு தோன்றினால், எளியதை முதலில் பாருங்கள். சீறும் ஓசையுடன் வேகம் குறைந்தால், காற்றுக்குழாயின் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். நீலப்புகை வந்தால், டர்போவைக் குறை கூறுமுன் எண்ணெய் திரும்பும் குழாயைச் சோதியுங்கள். அது மடியாமல், கீழ்நோக்கியே சரிந்து இறங்க வேண்டும். தட்டும் ஓசை கேட்டாலோ, உடனே விசைமிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். காரணம் அறியாமல் மீண்டும் வேகமெடுத்தால், இயந்திரத்தையே இழக்க நேரிடும்.