மண்டிக்காரர் யாருடைய ஆள்?

வேடசந்தூர் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதிய கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. 'மூன்று லோடு சின்ன வெங்காயம் மண்டிக்குப் போட்டேன். வாங்கிய கேரளா பார்ட்டி பணம் தரவில்லை என்று மண்டிக்காரர் கையை விரிக்கிறார். எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பார்ட்டி யார் என்றே எனக்குத் தெரியாது. நான் யாரைப் போய்க் கேட்பது?'

வெங்காயத்தில் இலைப்பேன் வந்தால் மருந்து சொல்வது என் வேலை. பணம் வராத நோய்க்கு வேளாண் கல்லூரியில் மருந்து சொல்லித் தரவில்லை. ஆனால் முப்பது வருட சர்வீஸில் வரப்பில் நின்று விவசாயிகள் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி இந்த மாதிரிதான். அதனால் சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன், தெரிந்த வக்கீல்களிடம் கேட்டேன். நான் வக்கீல் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த விஷயத்துக்கான சட்டம் புதிதல்ல. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 182-இலிருந்து 238 வரையிலான பிரிவுகள், ஒருவருக்காக இன்னொருவர் போய் வியாபாரம் செய்வதைப் பற்றியவை. போகிறவரைச் சட்டம் 'முகவர்' என்கிறது. நாம் ஏஜென்ட் என்கிறோம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், திண்டுக்கல் வெங்காயப் பேட்டை, நிலக்கோட்டை பூ மார்க்கெட், அய்யலூர் தக்காளிச் சந்தை என்று எங்கே போனாலும் நமக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறார். அவர் யாருடைய ஆள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்கச் சீட்டைப் பாருங்கள். விற்ற தொகையை எழுதி, அதில் கமிஷன், இறக்குக்கூலி, லாரி வாடகை கழித்து மீதியைக் காட்டியிருந்தால், அவர் உங்கள் சரக்கை உங்களுக்காக விற்றுக் கொடுத்தவர். அதாவது உங்கள் ஏஜென்ட். வாங்கியவரின் ஆள் அல்ல, உங்கள் ஆள். கமிஷன் என்ற பேச்சே இல்லாமல் 'கிலோ இவ்வளவு, மொத்தம் இவ்வளவு' என்று மட்டும் இருந்தால், அவர் உங்களிடம் சரக்கை விலைக்கு வாங்கிய வியாபாரி என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வியாபாரியாக இருந்தால் அவருக்குக் கேரளா பார்ட்டி பணம் தந்தாரா இல்லையா என்பது உங்கள் கவலை இல்லை. விலையை அவர்தான் தர வேண்டும். மண்டியில் பலர் இரண்டு வேடத்தையும் போடுகிறார்கள். லாபம் வரும்போது வியாபாரி, நஷ்டம் வரும்போது வெறும் ஏஜென்ட். சீட்டு இல்லாதவனிடம் இந்த விளையாட்டு நன்றாக நடக்கும்.

சரி, அவர் ஏஜென்ட்தான் என்றே வைத்துக்கொள்வோம். கடனுக்கு விற்றுப் பணம் வராமல் போனால் நஷ்டம் யாருக்கு? 211-ஆம் பிரிவு சொல்வது: நீங்கள் சொன்னபடி ஏஜென்ட் நடக்க வேண்டும், நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்றால் அந்த ஊரில் அந்த வியாபாரத்தில் என்ன வழக்கமோ அதன்படி நடக்க வேண்டும். மீறி நடந்து நஷ்டம் வந்தால் அவர் ஈடு கட்ட வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. கடனுக்கு விற்கும் வழக்கம் இல்லாத தொழிலில் ஒரு தரகர் சரக்கைக் கடனுக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவர் அப்போது நல்ல பேர் உள்ளவர்தான். ஆனாலும் பணம் கொடுக்கும் முன் நொடித்துப் போகிறார். நஷ்டம் தரகருடையது.

'எங்க மார்க்கெட்ல கடனுக்குத்தான் சார் ஓடுது' என்பார் மண்டிக்காரர். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்போதும் அவர் முழுக்கத் தப்பிக்க முடியாது. அடுத்த பிரிவான 212-இன்படி, கடனுக்கு விற்க அனுமதி இருந்தாலும் வாங்குபவர் பணம் கட்டக்கூடியவர்தானா என்று வழக்கமாக விசாரிப்பதை விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்காமல் நொடித்துப்போன ஆளிடம் தூக்கிக் கொடுத்திருந்தால் பொறுப்பு அவருக்குத்தான். விசாரித்து, வழக்கப்படி விற்று, அதன்பிறகும் பணம் வரவில்லை என்றால் மட்டும் நஷ்டம் நம் தலையில் விழும். இந்த ஓட்டையையும் அடைக்க வழி உண்டு. 'வாங்குறவன் தந்தாலும் தராட்டியும் என் பணத்துக்கு நீங்கதான் பொறுப்பு' என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. இப்படிப் பொறுப்பேற்கும் ஏஜென்டுக்கு 'டெல் கிரெடெரே' என்று இத்தாலியப் பெயர்கூட உண்டு. அந்தப் பொறுப்புக்காகக் கொஞ்சம் கூடுதல் கமிஷன் கேட்பார்கள். பெயர் தெரியாமலேயே நம் மண்டிகளில் பலர் காலகாலமாக இப்படித்தான் நடக்கிறார்கள். நல்ல மண்டிக்காரர் தன் கைப்பணத்தைப் போட்டு அன்றைக்கே பட்டுவாடா செய்துவிடுவார். அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அவர்கள்மேல் புகார் அல்ல.

விலை விஷயத்துக்கு வருவோம். 'நாற்பது ரூபாய்க்குக் கீழே விற்காதீங்கண்ணே' என்று சொல்லி மூட்டையை இறக்குகிறீர்கள். அவர் முப்பதுக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவரிடம் போய் 'அது செல்லாது, சரக்கைத் திருப்பிக் கொடு' என்று கேட்க முடியுமா? முடியாது. நீங்கள் போட்ட கட்டு வாங்கியவருக்குத் தெரியாது என்றால் அந்த வியாபாரம் உங்களைக் கட்டும் என்கிறது 237-ஆம் பிரிவு. உங்கள் சண்டை மண்டிக்காரரோடு மட்டும்தான். ஆனால் 'நான் அப்படிச் சொன்னேன்' என்பதற்கு என்ன அத்தாட்சி? அதனால் விலைக்கட்டு போடுவதாக இருந்தால் வாயால் சொன்னதோடு விடாமல், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. உங்கள் சரக்கை விற்றுத் தருவதாகச் சொல்லிவிட்டு, மண்டிக்காரர் தானே மச்சான் பேரில் எடுத்து மறுநாள் கூடுதல் விலைக்குத் தள்ளினால், அந்த லாபத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் ஏஜென்ட் தனக்காக வியாபாரம் செய்யக் கூடாது என்பது 215, 216-ஆம் பிரிவுகளின் சாரம். ஒழுங்காக வேலை செய்யாத பகுதிக்கு அவர் கமிஷன் கேட்கவும் முடியாது, அது 220.

இனி முன்பணம். இதில் சட்டம் நமக்குச் சாதகமாக இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். என் சிறுவயதில் எங்கள் அப்பா ஒரு மண்டியில் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியிருந்தார். அறுவடை நேரத்தில் பக்கத்து ஊரில் மூட்டைக்கு நல்ல விலை. அப்பா சரக்கை அங்கே கொண்டுபோகப் பார்த்தார். மண்டிக்காரர் ஆள் அனுப்பி வண்டியை மறித்துவிட்டார். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மறிப்பு அநியாயம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வழியில் வண்டியை மறிக்க அவருக்கு உரிமை இல்லைதான். ஆனால் சரக்கை நம்பி முன்பணம் கொடுத்து, அதை விற்றுக் கழித்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தும் விட்டால், பிறகு அந்த அதிகாரத்தை நாம் பிடுங்க முடியாது. 202-ஆம் பிரிவில் இதற்கு உதாரணமே பருத்திப் பொதிகள்தான். அதே சமயம், கையில் இருக்கும் சரக்கை ஏஜென்ட் பிடித்து வைக்கலாம் என்பது, வேறு பேச்சு இல்லாதபோது, அந்தச் சரக்குக்கான கமிஷனுக்கும் செலவுக்கும்தான். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பழைய கைமாற்றுக்காக இந்த வருட வெங்காயத்தைப் பிடித்து வைப்பது அந்தப் பிரிவுக்குள் வராது. எனவே முன்பணம் வாங்கும் அன்றே எதற்கு, எந்தப் பயிருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டவர்களுக்கு வேறு கதை. அங்கே தரகர் வீட்டு வாசலுக்கே வந்து விதைக்கு விலை பேசுவார். இவர் வாங்குபவரின் ஆள். 'கம்பெனிக்காக எடுக்கிறேன்' என்பார். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டார். அப்படி யாருக்காக வாங்குகிறேன் என்று பெயர் சொல்லாத ஏஜென்ட், தானே நேரடியாகப் பொறுப்பு என்றுதான் 230-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. பெயரைச் சொல்லி, ஆனால் அந்தக் கம்பெனி இவரை அனுப்பவே இல்லை என்று தெரிந்தால், உங்களுக்கு வந்த நஷ்டத்தை அவரே கட்ட வேண்டும்; அது 235. அதனால் 'யாருக்காக எடுக்குறீங்க, பேரை எழுதிக் கொடுங்க' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்தாலும் நமக்கு நல்லது, கொடுக்காவிட்டாலும் நல்லது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இந்தத் தலைவலி குறைவு. விற்கும் விவசாயியிடம் கமிஷன் கிடையாது. இ-நாம் வழியாக ஏலம் நடக்கும் கூடங்களில் விலை பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அழுகும் காய்க்கும் பூவுக்கும் அது எல்லா ஊரிலும் ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும்.

செல்போன் வியாபாரத்தில் என்ன மாறிவிட்டது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அடிப்படை மாறவில்லை. போனில், வாட்ஸ்அப்பில் பேசி முடித்த ஒப்பந்தம், அது மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாமல் போகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 10ஏ. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். நீங்கள் அனுப்பிய செய்தி மட்டுமல்ல, உங்களுக்காக அனுப்ப அதிகாரம் பெற்றவர் அனுப்பியதும், உங்களுக்காகத் தானாக ஓடும்படி அமைத்த புரோகிராம் அனுப்பியதும் உங்களுடையதுதான். விலை பேசும் வேலையை மகனிடம் விட்டிருக்கிறீர்கள். அவன் உங்கள் போனிலிருந்து 'சரி, அனுப்புறோம்' என்று போட்டால், பிறகு 'சின்னப் பய தெரியாம போட்டுட்டான்' என்று சொல்லித் தப்புவது கஷ்டம். ஓர் ஆளை நிறுத்தும்போதும் கவனம் தேவை. அவரிடம் சொன்னால் போதாது. அவரோடு வியாபாரம் செய்தவர்களுக்கு அது தெரியும்வரை அவர் செய்வது உங்களைக் கட்டும் என்பது 208. வியாபாரிகள் இருக்கும் குரூப்பிலேயே ஒரு செய்தி போட்டுவிடுங்கள். பழைய செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுகளுக்கு உரிய சான்றிதழ் வைத்தால்தான் கோர்ட்டில் எடுபடும்.

விதை, ஸ்பிரேயர் போன்றவற்றை ஆன்லைனில் வாங்கி ஏமாறும்போது 'நாங்கள் இடம் கொடுத்தவர்கள்தான், விற்றவர் வேறு' என்பார்கள். 2020-ஆம் வருட மின்வணிக விதிகளின்படி அவர்களுக்கும் குறைதீர்க்கும் அலுவலர் இருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதற்கு எல்.ஐ.சி. சம்பந்தப்பட்ட இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மறக்க முடியாதவை. முதல் வழக்கில், பாலிசிதாரர் பிரீமியத்தை எல்.ஐ.சி. ஏஜென்டிடம் கொடுத்தார். ஏஜென்ட் உடனே கட்டவில்லை. நடுவில் பாலிசிதாரர் விபத்தில் இறந்துபோனார். பிரீமியம் வசூலிக்க அந்த ஏஜென்டுக்கு அதிகாரமே இல்லை, எனவே எல்.ஐ.சி. பொறுப்பில்லை என்று 1997-இல் தீர்ப்பு. இரண்டாவது வழக்கில், பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் திட்டம். பிடித்த நிறுவனம் எல்.ஐ.சி.க்கு அனுப்பவில்லை. வசூலிக்கும் வேலையை எல்.ஐ.சி.யே அந்த நிறுவனத்திடம் விட்டிருந்தது, தொழிலாளிக்கு அதற்குமேல் எதுவும் தெரிய வாய்ப்பில்லை. எனவே அந்த நிறுவனம் எல்.ஐ.சி.யின் ஏஜென்ட், பணம் தர வேண்டும் என்று 1999-இல் தீர்ப்பு. பயிர்க் காப்பீட்டுப் பணத்தை வழியில் பார்த்த தெரிந்த தம்பியிடம் கொடுத்தனுப்புகிறவர்கள் முதல் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டி, ரசீதில் சர்வே எண்ணைச் சரிபார்த்த பிறகே வெளியே வாருங்கள்.

வேடசந்தூர் வாசகரைப் போனில் பிடித்து, சீட்டுகளை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் வரச் சொன்னேன். மஞ்சள் பையில் மூன்று சீட்டும் பத்திரமாக இருந்தன. இரண்டில் கமிஷன் கழித்திருந்தது. மூன்றாவதில் கமிஷன் இல்லை. எடை, விலை, மொத்தம், அவ்வளவுதான். 'அப்ப இந்த லோடு அவரே வாங்குனதுங்களா சார்?' என்று அவரே கேட்டார்.

கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டியது ஏஜென்டின் கடமை, அது 213. வந்த பணத்தைக் கமிஷனும் செலவும் போக ஒப்படைக்க வேண்டியது 218. கணக்குக் கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஒரு வக்கீல் மூலம் ஒப்புதல் அட்டையோடு கடிதம் போனது. முதல் இரண்டு லோடையும் யாருக்கு, என்ன தேதியில், என்ன விலைக்கு விற்றீர்கள், எவ்வளவு வந்தது என்று கணக்குக் கேட்டோம். மூன்றாவது லோடுக்கு நேரடியாக விலையையே கேட்டோம்.

மூன்றாவது லோடின் பணம் இருபது நாளில் வந்துவிட்டது. கணக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆனது. வந்தபோதுதான் தெரிந்தது, வாங்கியவர் பாதிப் பணத்தை எப்போதோ கொடுத்துவிட்டார். அந்தப் பாதியும் இப்போது கைக்கு வந்துவிட்டது. மீதிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போட்டிருக்கிறார். வழக்குக்குப் போகும் முன்பே பேசித் தீர்க்க அங்கே வழி இருக்கிறது. இலவச சட்ட உதவி எண் 15100.

போன வாரம் போன் செய்தார். அடுத்த நடவுக்கு விதை வெங்காயம் எடுத்தாயிற்றாம். அதே மண்டிக்குத்தான் போடப் போகிறாராம். 'மத்த மண்டி தூரம் சார். ஆனா இந்தத் தடவ வாங்குறவர் பேரும் நம்பரும் சீட்டுலயே எழுதச் சொல்லிட்டேன். எழுதித் தர்றேன்னுட்டாரு' என்றார். பிறகு, இலைப்பேனுக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டார்.