எழுதா உயில்: ஜான் ஹார்வர்டின் சொத்துப் பங்கீடு

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைத்தற்கு வேண்டிய அறுபது இலட்சம் டாலர் நிதி 2018ஆம் ஆண்டில் நிறைவுற்றது. உலகின் பல பகுதிகளில் வாழும் தமிழரும் தமிழக அரசும் சேர்ந்து நல்கிய கொடை அது. அப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயரும் ஒரு கொடையால் வந்ததே என்பது பலரும் அறிந்த செய்தி. ஆயின், அக்கொடை முப்பது வயதில் மாண்ட ஒரு சமய குருவின் சொத்துப் பங்கீட்டில் ஒரு பாதியே என்பதும், மற்றைப் பாதி அவர்தம் மனைவிக்கு உரியதாயிற்று என்பதும் அத்துணை எண்ணப்படுவதில்லை. அப் பங்கீட்டின் இயல்பும் அதற்குரிய சான்றும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் அச் சொத்து வந்த வழியைக் காண்போம். ஜான் ஹார்வர்டு 1607ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இலண்டன் நகருக்கு எதிரே தேம்சு ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க்கில் திருமுழுக்குப் பெற்றவர். தந்தை இராபர்ட் இறைச்சி வணிகர்; தாய் காதரீன், நாடகப் பெரும்புலவர் சேக்சுபியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு ஊரினர். 1625இல் பரவிய கொள்ளைநோய் அக்குடும்பத்தைச் சூறையாடிற்று. தந்தையும் உடன்பிறந்தார் பலரும் மாய, தாயும் ஜானும் தம்பி தாமசும் மட்டுமே எஞ்சினர். கைம்பெண்ணான காதரீன் மறுமணம் புரிந்தார். மிடா செய்வோர் குழுவைச் சார்ந்த அக் கணவர் சில திங்களில் இறந்தார். பின்னர் யியர்வுட் என்னும் மளிகை வணிகரை மணந்தார். அவரும் 1632இல் இறந்தார். தாய் 1635இலும் தம்பி 1637இலும் மறைந்தனர். ஒவ்வொரு சாவும் ஒரு பங்கினை எஞ்சினார்பால் சேர்த்தது. சதர்க்கில் இருந்த ‘அரசியின் தலை’ என்னும் விடுதியும் தாய் வழியே ஜானுக்கு வந்ததாகும். எனவே ஹார்வர்டின் செல்வம் அவர் ஈட்டியதன்று. ஒரு குடும்பம் அழிந்தமையால் ஓரிடத்துக் குவிந்தது.

இவ் வரலாறு நெடுங்காலம் மறைந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஹார்வர்டின் பெற்றோர் இன்னார் என்பதே தெளிவாகவில்லை. ஹென்றி வாட்டர்சு என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இலண்டனில் பழைய உயில்களைத் தேடி ஆராய்ந்து, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தாயின் உயில் ‘யியர்வுட்’ என்னும் பெயரில் இருந்தமையின், ‘ஹார்வர்டு’ என்னும் பெயரை மட்டும் தேடுவோர் கையில் அஃது எளிதில் அகப்படுவதன்று. தந்தை, தாய், தம்பி ஆகியோரின் உயில்களைக் கொண்டே ஹார்வர்டு இன்னார் என நிறுவப்பட்டது. ஆயின் அவர்தம் உயிலோ எழுதப்படவே இல்லை. பிறர் எழுதிய உயில்களால் அறியப்படும் ஒருவர் தாம் ஒன்றும் எழுதாது சென்றார் என்பது நோக்கற்பாலது.

ஹார்வர்டு கேம்பிரிட்சிலுள்ள இம்மானுவேல் கல்லூரியில் 1632இல் இளங்கலைப் பட்டமும் 1635இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1636இல் ஆன் சாட்லர் என்னும் குருமகளை மணந்தார். மறு ஆண்டு இருவரும் மாசாச்சுசெட்சுக் குடியேற்றம் சென்று சார்லசுடவுனில் தங்கினர். ஆங்கு அவர் திருச்சபையின் துணைக் குருவாயினார். குடியேற்றத்திற்குரிய சட்டத் தொகுப்பினை ஆராய்தற்கு 1638இல் அமைந்த குழுவிலும் அவர் ஓர் உறுப்பினர். அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் என்புருக்கி நோயால் உயிர் நீத்தார். மக்கட்பேறு இல்லை.

இறக்குங்கால் அவர் தம் பொருளிற் பாதியையும் நூல்கள் அனைத்தையும் புதிதாய்த் தோன்றவிருந்த கல்லூரிக்கு உரிமையாக்கினார். இதனை அவர் மனைவியிடம் வாய்மொழியாகக் கூறினார் என்பதே வழிவழி வந்த செய்தி. வாய்மொழி உயில் செல்லுமா என இக்காலத்தார் ஐயுறலாம். நிலத்தை உயிலால் வழங்குதற்கு எழுத்து வேண்டும் என்பது இங்கிலாந்தின் 1540ஆம் ஆண்டுச் சட்டம். பணம், தட்டுமுட்டு, நூல் முதலிய அசையும் பொருளுக்கு வாய்ச்சொல்லே போதுமானதாயிருந்தது. 1677இல்தான், முப்பது பவுனுக்கு மேற்பட்ட பொருளாயின் மூன்று சான்றோர் வேண்டும் என்பது முதலிய கட்டுப்பாடுகள் வந்தன. ஆகலின் ஹார்வர்டின் சொல் அக்கால முறைக்கு மாறானதன்று. இங்கு மற்றொன்றும் கருதற்குரியது. கல்லூரிக்குச் சென்ற ஒவ்வொரு பவுனும் ஆனின் கைக்கு வாராத பவுன். வழிவழிச் செய்தி மெய்யாயின், தமக்கு இழப்புத் தரும் சொல்லுக்கு அவரே சான்றாக நின்றார் எனல் வேண்டும். நன்றி பாராட்டும் வரலாறுகள் ஹார்வர்டைப் போற்றுமளவில் நின்றுவிடுகின்றன. இவ்வம்மையாரை அவை கடந்து செல்லுதல் முறையன்று என்பது நம் கருத்து.

பாதி என்னும் அளவு ஏன்? ஹார்வர்டு முழுமையும் கொடுத்திருக்கலாம், கால்பங்கு கொடுத்திருக்கலாம். இலண்டன் நகர வழக்கில், மக்களின்றி இறந்தானுடைய அசையும் பொருளிற் பாதி மனைவிக்கு உரியது. மற்றைப் பாதியே ‘இறந்தான் பங்கு’ எனப்பட்டது. அதனையே அவன் விரும்பியவாறு வழங்கலாம். இங்கிலாந்தின் தென்பகுதியிற் பெரும்பாலும் இம்முறை வழக்கொழிந்த பின்னரும் இலண்டன் நகரிலும் வடபுலத்திலும் நிலைத்திருந்தது. இவ் வழக்கு மாசாச்சுசெட்சில் ஹார்வர்டைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் நகரின் எதிர்க்கரையில் வணிகர் குடியிற் பிறந்து, தாயின் பின்னைக் கணவர் இருவரையும் நகரத் தொழிற்குழுக்களிற் கண்டு வளர்ந்தார்க்கு அது தெரியாத ஒன்றன்று. அவர் தமக்குரிய ‘இறந்தான் பங்கினை’ முழுதும் கல்விக்கு ஈந்து, மனைவியின் பங்கைத் தொடாது விட்டார் எனக் கொள்ளின், பங்கீடு தெளிவாகப் பொருந்துகின்றது. இஃது ஊகமே; எனினும் வெறும் வள்ளன்மை என்று சொல்லிவிடுவதினும் ஏற்புடைத்து. மாசாச்சுசெட்சில் 1641இல் வெளிவந்த உரிமைத் தொகுப்பு, கணவன் மனைவிக்குத் தக்க பங்கு விடாது இறந்தால் அவள் பொதுமன்றத்தில் முறையிடலாம் என விதித்தது. அத்தகைய சட்டங்களை எண்ணிப் பார்க்கும் பணியிலேதான் ஹார்வர்டும் தம் இறுதியாண்டில் அமர்த்தப்பட்டிருந்தார்.

இனித் தொகையைப் பற்றிய வேறுபாடு. கல்லூரிப் பதிவு பாதியின் மதிப்பை 779 பவுன் 17 ஷில்லிங் 2 பென்சு என்கிறது. 1643இல் இலண்டனில் வெளிவந்த ‘புதிய இங்கிலாந்தின் முதற்கனிகள்’ என்னும் நூலோ முழுச் சொத்தே ஏறத்தாழ 1700 பவுன் என்கிறது. அதன்படி பாதி 850 ஆதல் வேண்டும். எழுபது பவுன் வேறுபடுகின்றது. முதற்கனிகள் இங்கிலாந்து மக்களின் ஆதரவை நாடி எழுந்த நூல். அதன் எண் முழு நூறாக நிற்பது. பென்சு வரை கணக்கிட்ட பதிவே கொள்ளத்தக்கது. 1636இல் பொதுமன்றம் கல்லூரிக்கென ஒதுக்கிய தொகை 400 பவுன் என்பதனோடு ஒப்பிடின், தனியொருவரின் பாதி அரசின் கொடையினும் ஏறக்குறைய இருமடங்கு.

1639 மார்ச்சு 13ஆம் நாள் பொதுமன்றம் கல்லூரிக்கு ஹார்வர்டின் பெயரைச் சூட்டியது. அக்கால ஆங்கில ஆண்டு மார்ச்சு 25இல் தொடங்கியமையால் சில நூல்கள் இதனை 1638 என்று அச்சிடும், மாணவர் மயங்கற்க. அவர் அளித்த நூல்கள் ஏறத்தாழ நானூறு. 1764 சனவரியில் கல்லூரி நூலகம் எரிந்தபோது அவை அழிந்தன. ஜான் டௌனாம் எழுதிய ‘கிறித்தவப் போர்’ என்னும் ஒன்றே தப்பியது என்பர்.

ஆனின் பாதி வேறு வழிச் சென்றது. அவர் தாமசு ஆலன் என்னும் குருவை மறுமணம் புரிந்தார். ஆலனும் அதே சார்லசுடவுன் திருச்சபையிற் பணிபுரிந்தவர். ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, மணந்த பெண்ணின் அசையும் பொருள் கணவனுடையதாகிவிடும். எனவே சதர்க்கின் இறைச்சிக் கடையிலும் விடுதியிலும் தொடங்கிய செல்வத்தில், ஹார்வர்டு மனைவிக்கென விட்ட பாதி, சட்டத்தின் கண்ணில் ஆலனுடைய பொருளாயிற்று. அவர் பின்னர் இங்கிலாந்திற்கு மீண்டு நாரிச்சு நகரில் வாழ்ந்தார்.