கம்பனி ஆண்டறிக்கையும் அதன் உட்பொருளும்

தன் கைப்பொருளைக் கொண்டு தானே கடை நடத்தும் ஒருவன், அக்கடையின் நிலையைப் பிறர் வாயிலாக அறிய வேண்டுவதில்லை. பெட்டியிலுள்ள காசையும் தட்டிலுள்ள சரக்கையும் அவன் நாள்தோறும் காண்கிறான். பகிரங்கக் கம்பனியின் நிலை அத்தகையதன்று. அதற்கு மூலதனம் அளித்தோர் பலர். அதனை நடத்துவோர் சிலர். பொருள் கொடுத்தோர் தொழிற்சாலையையும் காணார், கணக்கேடுகளையும் காணார். நடத்துவோர் அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒப்புவிக்கும் கணக்கே ஆண்டறிக்கையாகும். இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதனை ஆக்கும் கடமையைப் பணிப்பாளர் சபையின்மீது சுமத்தியுள்ளது.

அறிக்கையின் முகப்பில் தலைவரின் உரை இடம்பெறும். கம்பனியைப்பற்றி அதனை நடத்துவோர் நம்மை எங்ஙனம் எண்ணச் செய்ய விரும்புகின்றனர் என்பதை அவ்வுரையால் அறியலாம். கம்பனியின் உண்மை நிலையை அறியப் பின்வரும் கணக்குகளையே நோக்குதல் வேண்டும். ஐந்தொகை, ஆண்டின் இறுதி நாளில் உள்ள சொத்துக்களையும் பொறுப்புக்களையும் காட்டும். இலாபநட்டக் கணக்கு, ஆண்டு முழுவதும் நிகழ்ந்த வரவு செலவின் பயனைக் காட்டும். காசுப்பாய்ச்சற் கூற்று, உண்மையாகக் கைக்கு வந்த காசையும் கைவிட்டுப் போன காசையும் காட்டும்.

இலாபமும் காசும் ஒன்றல்ல. ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சரக்கை ஒரு வணிகன் ஆண்டிறுதியில் ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்குக் கடனாக விற்றான் என்க. ஏட்டில் ஐந்நூறு ரூபா இலாபம். பெட்டியிலோ ஆயிரம் ரூபா குறைவு. கடன்பட்டோன் கொடாதுவிடின் அவ்விலாபம் வெறும் எழுத்தேயாம். ஆதலால் ஒரு கணக்கை மாத்திரம் படித்து முடிவு செய்தல் தகாது; ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும். இவற்றின் பின்னே சிறிய எழுத்தில் அமைந்த குறிப்புகள் அவ்வெண்கள் எம்முறையிற் கணிக்கப்பட்டன என்பதைக் கூறும். கணக்காய்வாளரின் அறிக்கையோ, கணக்குகள் விதிப்படி நிலைமையை நேர்மையாகக் காட்டுகின்றனவா என்பதுபற்றிய அவரது கருத்தேயன்றித் தொழில் சிறந்தது என்னும் நற்சான்று அன்று.

இங்கிலாந்தின் றோயல் மெயில் கப்பற் கம்பனியின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் அது பெரும்பொருள் சேர்த்து, அதில் ஒரு பகுதியை இரகசிய ஒதுக்கங்களாக வைத்திருந்தது. போருக்குப்பின் கப்பற்றொழில் நலிந்தது. கம்பனி நட்டமடைந்தபோதும், பழைய ஒதுக்கங்களை எடுத்து இலாபம்போலக் காட்டிப் பங்கிலாபம் வழங்கியது. 1926ஆம் ஆண்டுக் கணக்கில் இதற்குரிய அடையாளம், வரி ஒதுக்கங்களைச் சீராக்கியமைபற்றிய ஒரு சிறு சொற்றொடர் மாத்திரமே. 1931இல் தலைவர் கைல்சன்ற் பிரபுவும் கணக்காய்வாளரும் இலண்டன் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். ஆண்டுக் கணக்குகள்பற்றிய குற்றச்சாட்டிலிருந்து இருவரும் விடுவிக்கப்பட்டனர். ஆயின் 1928இல் கடன் திரட்டுவதற்காக வெளியிட்ட பொய்யான விவரப் பத்திரத்தின் பொருட்டுத் தலைவர் பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இரகசிய ஒதுக்கங்களை இவ்வாறு கையாளுதல் அக்காலத்துச் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் மாறாகாதிருந்தமையே விடுதலைக்குக் காரணம். பின்னர் 1947, 1948ஆம் ஆண்டுகளின் பிரித்தானியச் சட்டங்கள் ஒதுக்கங்களை வெளிப்படையாகக் காட்டும் விதியைப் புகுத்தின.

சட்டம் வெளிப்படுத்தச் செய்யலாம்; படிக்கச் செய்ய முடியுமா? அமெரிக்காவின் என்றோன் கம்பனி இவ்வினாவை எழுப்புகின்றது. எரிவாயுவையும் மின்சாரத்தையும் வாங்கி விற்ற அக்கம்பனியின் 2000ஆம் ஆண்டறிக்கை, வருமானம் 4,010 கோடி டொலரிலிருந்து 10,080 கோடி டொலராக உயர்ந்ததென அறிவித்தது. கண்டோர் வியந்தனர். ஆயின் அதே கணக்கில் தேறிய இலாபம் 89.3 கோடியிலிருந்து 97.9 கோடியாகவே உயர்ந்திருந்தது. முன்னாண்டில் நூறு டொலர் வருமானத்தில் இரண்டு டொலருக்குச் சற்று மேல் மிஞ்சியது. இப்போது ஒரு டொலர்கூட மிஞ்சவில்லை. கைமாறிய பொருளின் முழு விலையையும் தன் வருமானமாக எழுதியமையே அப்பெருக்கத்துக்குப் பெருங்காரணம். இதனை அறியச் சாதாரண வகுத்தற் கணக்கே போதும். மேலும் 16ஆம் குறிப்பு, கம்பனியின் உயரதிகாரி ஒருவர் நிருவகித்த கூட்டு நிறுவனங்களோடு கம்பனி கொடுக்கல் வாங்கல் செய்ததைப் பெயர் சுட்டாது கூறியது. ஒருவரே விற்போர் பக்கத்திலும் வாங்குவோர் பக்கத்திலும் நிற்பின் விலையை யார் காப்பது?

அக்கம்பனி அனைத்தையும் வெளிப்படுத்தவில்லை என்பதும் உண்மையே. கடனாகப் பெற்ற காசில் ஒரு பகுதி தொழிலில் ஈட்டியதாகக் காட்டப்பட்டிருந்தது. கணக்காய்வாளரும் குறை கூறிற்றிலர். எனினும் முதலீட்டாளர் ஜேம்ஸ் சானோஸ், முந்திய 1999ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையைப் படித்தே, மூலதனத்துக்குக் கிடைத்த குறைந்த பயனையும் அவ்வுள்ளுறவுக் கொடுக்கல் வாங்கல்களையும் கண்டு 2000ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஐயுற்றார். இதனை 2002இல் அமெரிக்கக் காங்கிரசுக் குழுமுன் சாட்சியமாகக் கூறினார். 2001 டிசம்பர் 2ஆம் நாள் என்றோன் முறிவுப் பாதுகாப்புக் கோரிற்று. 2000ஆம் ஆண்டில் தொண்ணூறு டொலர்வரை விற்ற பங்கு ஒரு டொலருக்கும் கீழ் வீழ்ந்தது. முதுமைக்கால வைப்பை அப்பங்குகளில் இட்டிருந்த தொழிலாளர் அதனை இழந்தனர்.

எனவே ஆண்டறிக்கையைப் படிப்போர் இறுதியிலுள்ள குறிப்புகளிலிருந்து தொடங்குவது நன்று. வருமானம் வளர்ந்த அளவுக்கு இலாபம் வளர்ந்ததா? இலாபத்துக்கு ஏற்பக் காசு வந்ததா? கடன்பட்டோர் தொகை விற்பனையிலும் விரைந்து பெருகுகின்றதா? கணிப்பு முறை இவ்வாண்டு மாற்றப்பட்டதா? பணிப்பாளரோடு கம்பனி வாணிகம் செய்கின்றதா? ஐந்து ஆண்டுகளின் அறிக்கைகளை வரிசையாக வைத்து இவ்வினாக்களை எழுப்பின், தலைவரின் உரை மறைத்ததைப் பெரும்பாலும் எண்களே கூறிவிடும். வணிகக் கல்வி பயிலும் மாணவர் வினாத்தாளுக்காக மட்டும் ஐந்தொகை ஆக்கப் பழகுதல் போதாது. பிறர் ஆக்கியதை ஐயுற்று வாசிக்கவும் பழகுதல் வேண்டும். நாளை அவர்தம் பெற்றோரின் ஓய்வூதியமும் சேமிப்பும் அவ்வாசிப்பையே நம்பி நிற்கக்கூடும்.